மூக்கில் குழாயோடு லிட்டில் இந்தியாவில் ஒரு மதியம்

போன மாதம் நானும் என் கணவர் சேகரும் பினாங்கு போனோம். ஊர் சுற்ற அல்ல. இரண்டு வருடமாக அவருக்கு நெஞ்செரிச்சல். கேஸ்ட்ரிக் மாத்திரை விழுங்கியும் எடை ஒன்பது கிலோ இறங்கிவிட்டது. வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்ததில் புற்றுநோய் இல்லை என்றார்கள். பிறகு ஏன் இப்படி இளைக்கிறார் என்ற பயம் என்னை விடவே இல்லை.

எங்கள் ஊர் தைப்பிங்கில் காலை ரயில். பட்டர்வொர்த்துக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து ஃபெரி, டிக்கெட் ஆளுக்கு 2 வெள்ளி, கால் மணி நேரம். மருத்துவமனைக்கு வாடகைக் கார் 11 வெள்ளி. சோதனைக்காக ஆறு மணி நேரம் வெறும் வயிறு என்பதால் மனிதர் வழியெல்லாம் உர்ரென்று வந்தார்.

மூக்கு வழியே மெல்லிய குழாயை விட்டு, மடக்கு மடக்காகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, உணவுக்குழாய் அதை எப்படிக் கீழே தள்ளுகிறது என்று அரை மணி நேரம் பார்த்தார்கள். பிறகு அமிலத்தை அளக்க இன்னொரு குழாய். அது இடுப்பில் ஒரு பெட்டியோடு 24 மணி நேரம் இருக்கவேண்டும்.

"அண்ணே, பத்தியம்லாம் வேணாம் லா. எப்பவும் போல சாப்பிடுங்க, சாப்பிட்டத எழுதி வைங்க," என்றார் தாதி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருடமாக மிளகாயைக் கண்ணில் காட்டாமல் சமைத்தவள் நான். அவரோ நேராக லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார், 12 வெள்ளி.

நாலாவது கவளத்தில் கைப்பேசியைக் காதில் வைத்தபடி எழுந்தார். வீட்டிலும் இப்படித்தான், தொழிற்சாலை அழைப்பு என்பார். பெட்டியை எங்காவது இடித்துக்கொள்ளப் போகிறாரே என்று பின்னாலேயே போனேன். கைகழுவும் தொட்டியில் குனிந்து, தின்ற சோற்றை அப்படியே வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளா இப்படி?"

"ரொம்ப நாளா. நீ பாத்துப் பாத்து சமைக்கிற, மாலா. அதுவும் எறங்கலன்னு சொன்னா நீ ஒடஞ்சி போயிருவ."

கடையென்றும் பாராமல் அழுதேன்.

மறுநாள் மருத்துவரிடம் அதை நானே சொன்னேன். சோதனையும் அதையேதான் காட்டியது. வயிற்றமிலம் மேலே வரவில்லை. உணவுக்குழாய் தள்ளவில்லை, அதன் கீழ்வாசல் திறக்கவும் இல்லை. தேங்கிய சோறு புளித்துத்தான் எரிந்திருக்கிறது. அடுத்த மாதம் அந்த வாசல் தசையை வெட்டித் தளர்த்தப் போகிறார்கள்.

இதற்காகப் போகிறவர்கள், எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போடுங்கள். தலைவழியாகப் போடும் சட்டையைக் குழாயோடு கழற்ற முடியாது. எரிச்சலோடு சோறும் தண்ணீரும் சிக்கினால் தயவுசெய்து மறைக்காதீர்கள்.

இப்போதும் சிக்கத்தான் செய்கிறது. ஆனால் எழுந்து போவதில்லை. "சிக்கிருச்சு, மாலா," என்கிறார். அது இறங்கும்வரை நானும் சாப்பிடாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.