கட்டியிடம் பூ கேட்ட கதை

தொப்பூர் கணவாயில் லாரியை ஓரங்கட்டிவிட்டு ஒதுங்கியபோதுதான் பார்த்தேன், மூத்திரம் செக்கச்செவேலென்று போனது. முந்தின நாள் பீட்ரூட் ஏதும் தின்றேனா என்று யோசித்தேன். பீடியைத் தவிர வேறொன்றும் ஞாபகம் வரவில்லை.

எண்பதுகளில் எங்கள் ஏரியூர்ப் பக்கம் பெரிய நோய் என்றால் பெங்களூர்தான். அங்கே டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, மூத்திரப்பையில் இருந்த கட்டியைச் சுரண்டி எடுத்தார். புற்றுநோய். "திரும்ப வந்தா மேலோட நிக்குமா, ஆழமா இறங்குமான்னு தெரியணும். இறங்கற வகைன்னா பையையே எடுத்துடணும். அப்புறம் வயித்துல ஓட்டை போட்டு வெளியே ஒரு பை மாட்டிக்கணும்," என்றார். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு எவனய்யா லாரி ஓட்டுவான்?

அதைக் கணிக்க ஒரு சோதனை இருந்தது. நம் ரத்த குரூப்பின் அடையாளம் மூத்திரப்பையின் உள்தோலிலும் உண்டாம். கட்டி அந்த அடையாளத்தை வைத்திருந்தால், சோதனையில் சிவப்பணுக்கள் அதன்மேல் வந்து ஒட்டும். அப்படிப்பட்ட கட்டி பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஒட்டாவிட்டால் ஆபத்து.

என் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப பூ கேக்கற மாதிரிதானுங்க டாக்டர்?" கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகப் போட்டு, ஒன்றை எடுத்துச் சாமியின் உத்தரவு கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

முதல் முடிவு வந்தது. ஒட்டவில்லை.

"இன்னொருக்கா பாருங்க. சாமிகிட்டயே ஒருக்கா கேட்டுட்டு வுட்டற மாட்டோமுங்க," என்றாள். எனக்கு மானம் போயிற்று. டாக்டரோ சிரித்துவிட்டு, "சில சமயம் இது தப்பாவும் வரும். சுரண்டின கட்டிய மெழுகுல பதிச்சு வெச்சிருக்கோம், அதுல இன்னொரு துண்டு சீவிப் பாக்கலாம்," என்றார்.

இரண்டாம் முறை ஒட்டியது. அதுவும் எக்கச்சக்கமாக!

அவ்வளவுதான், அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். வேண்டிய பூ வந்த பிறகு யார் மறுபடி கேட்பார்கள்? "வாங்க, சாயங்கால பஸ்ஸப் புடிச்சரலாம்." டாக்டர் "பொறுங்கம்மா" என்பதற்குள் வாசலுக்கே போய்விட்டாள். நானும் எழுந்தேன், மறுபடி நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். ஒரு தடவை பிடித்து ஒரு தடவை பிடிக்காத பிரேக்கை நம்பிக் கணவாயில் வண்டியை இறக்க முடியுமா? பயமாக இருந்தது.

"இன்னும் ஒருக்கா பாத்துருங்க டாக்டர்," என்றேன்.

"நல்ல வாக்கு வந்தப்பறம் எவனாச்சும் வாயத் தொறப்பானா?" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். முடிவு வரும்வரை என்னோடு பேசவே இல்லை.

இந்த முறை டாக்டர் பல துண்டுகளை வைத்துப் பார்த்தார். ஒன்றில்கூட ஒட்டவில்லை. மூத்திரப்பையை எடுத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்து டாக்டர் வந்தார். "எடுத்ததை அறுத்துப் பாத்தோம். சதைக்குள்ள இறங்க ஆரம்பிச்சிருந்தது. நல்லவேளை, விட்டிருந்தா கைமீறிப் போயிருக்கும்," என்றார்.

அவர் போனதும் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "என்ன, பை மாட்டின புருஷன் வேண்டாமா?" என்று சீண்டினேன். அவள் சிரிக்கவில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அன்னிக்கு நீங்க எம் பின்னாடியே வந்திருந்தா, நானே உங்களக் கொன்னிருப்பனுங்க."