சம்பந்திகள் கொடுத்த ரத்தம்

போன ஞாயிறு, திருத்தணி மலையடிவாரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் வயிறு வலிக்கச் சிரித்தேன். கல்யாணம் இல்லைங்க... ரத்தப் பரிசோதனை!

சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்திருந்தது. பக்கவாதம் வந்து தேறியவர்களுக்குக் கடிதம் போட்டு வரவழைத்து, ரத்தம் எடுத்தார்கள். என் அக்கா வீட்டுக்காரருக்கும் – எங்கள் பக்கம் பாவா என்போம் – கடிதம் வந்தது. கனகம்மாசத்திரத்தில் கரும்பு போடுகிறவர். போன வருஷம் அவருக்கு இடது கை விழுந்து, நல்லவேளை, மீண்டுவிட்டது.

ஊருக்கு அவர் சொன்ன கதையே வேறு. "மொபெட்லேர்ந்து உழுந்துட்டேன்!"

ஏன் இந்தப் பொய்? மகளுக்கு அரக்கோணத்து மாப்பிள்ளை நிச்சயமாகியிருக்கிறது. தை மாதம் கல்யாணம். 'வாத வம்சம்' என்று தெரிந்து அவர்கள் பின்வாங்கிவிட்டால்? அந்தப் பயத்தில் மனுஷர் சரியாகச் சாப்பிட்டே மாசக்கணக்காகிறது. ஜாதகத்தைத் தைரியமாக நீட்டுகிற நாம், பி.பி. சீட்டை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டுவோம்.

எப்படியோ இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் பாவா என் கையைக் கிள்ளினார். எதிர் நாற்காலியில்... மாப்பிள்ளையின் அப்பா! ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர்.

"இன்னா சம்பந்தி, இங்க?" என்றார் பாவா.

"சும்மா... சுகர் பாக்கலாம்னு. நீங்க?"

"ஆங்... நானும் அதுக்குத்தான்!"

பிறகு இருவரும் சீலிங் ஃபேனையே பார்த்தார்கள்.

அப்போது ஃபைலோடு வந்த ஆராய்ச்சி மாணவி, "அடுத்த ரெண்டு ஸ்ட்ரோக் பேஷன்ட் வாங்க" என்று இருவர் பேரையும் உரக்கப் படித்தாள்.

போச்சுடா!

மாப்பிள்ளையின் அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "மூணு வருசமாவுது சம்பந்தி. சொன்னா பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு வூட்ல பயந்துகினு இருந்தாங்க..."

"அட, நீங்க ஒண்ணு! நான் மொபெட்லேர்ந்து உழவே இல்ல!"

இருவரும் வெடித்துச் சிரித்ததில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

ரத்தம் கொடுத்தபடியே பாவா கேட்டார். "இத வச்சி இன்னாம்மா பாப்பீங்க?"

"எந்த ஜீன் அதிகமா வேலை செய்யுது, எது கம்மியா செய்யுதுன்னு பாப்போம் சார். யாருக்கு ஸ்ட்ரோக் வரலாம், வந்தா எவ்வளவு தேறுவாங்கன்னு ஒருநாள் முன்கூட்டியே சொல்ல முடியலாம். இப்போதைக்கு ஆராய்ச்சிதான்."

"அப்ப எங்க பசங்களுக்கும் வருமா?" – இது சம்பந்தி.

"வந்தே தீரும்னு இல்ல சார். பி.பி., சுகரை ஒழுங்கா கவனிச்சா ஆபத்து ரொம்பக் குறையும்."

கடைசியாகப் படிவத்தை எடுத்தாள். "குடும்பத்துல வேற யாருக்காவது ஸ்ட்ரோக் வந்திருக்கா?"

"இதோ, இவருக்கு!" என்று பாவா பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

"ரத்த சொந்தம் மட்டும்தான் சார் எழுதணும்."

பாவா சம்பந்தியின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"அப்ப கொஞ்சம் பொறும்மா. எங்களுக்கு ஒரு பேரன் பொறக்கட்டும்... அவன் படிவத்துல ரெண்டு பேரையும் சேத்தே எழுதிக்கலாம்!"