தம்பி குறை சொல்லாத சாப்பாடு

என் தம்பிக்குச் சோறு போட்டு நல்ல பெயர் வாங்கியவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. சொதியில் புளி கூடிவிட்டது என்பான், மீன் நேற்றையது என்பான். முகத்தைச் சுளித்தபடியே மறுபடி மறுபடி போட்டுச் சாப்பிடுவான். "உனக்கு வாறவள் பாவம்" என்று நான் சொல்லாத நாள் இல்லை.

களவாய் ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனை நம்பி அவன் பிரான்சுக்குப் புறப்பட்ட பிறகு, அந்தக் குறைகள்தான் எங்களுக்கு அவனுடைய சுகச்செய்தி. வழியில் எந்த நாட்டில் நிற்கிறான் என்று அவனுக்கே தெரியாது. அவன் போனில் கோல் எடுத்தால் அம்மா முதலில் சாப்பாட்டைத்தான் கேட்பார். பாண் துண்டு கல்லு மாதிரி, சூப்பில் உப்பே இல்லை, சமைக்கிறவன் கோழியைக் கழுவுவதில்லை என்று அவன் அடுக்குவான். அம்மா உடுப்பிட்டி வீட்டில் இருந்துகொண்டே அந்த முகம் தெரியாத சமையல்காரனைத் திட்டித் தீர்ப்பார். தம்பி புறுபுறுத்துக்கொண்டிருக்கும் வரை எனக்குப் பயம் இருக்கவில்லை.

பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும் அவன் சத்தமே இல்லை. அம்மா எங்களுக்குச் சமைத்துப் போட்டார், தான் வெறும் தேத்தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார். ஒரு பின்னேரம் புதிய இலக்கம் ஒன்றிலிருந்து கோல் வந்தது. தம்பிதான். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"சாப்பிட்டனியோ ராசா?"

"ஓம் அம்மா. சோறும் இறைச்சியும். நல்ல சாப்பாடு."

அம்மா என்னைப் பார்த்தார். "உப்புப் போதுமோ?"

அவனுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள்.

"எல்லாம் அளவாய் இருக்கு. ஏஜென்சி அண்ணை நல்லாப் பாக்கிறார். அவர் சொல்லுறபடி செய்யச் சொல்லி அப்பாட்டைச் சொல்லுங்கோ."

கோல் நின்றுவிட்டது. "பாத்தியே, பெடியன் நல்லாத்தான் இருக்கிறான்" என்று அப்பா கதிரையில் சாய்ந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படி நம்ப எனக்கும் ஆசையாக இருந்ததுதான் காரணம்.

அம்மா போனை மடியில் வைத்தார். "ஒரு குறையும் சொல்லேல்லை" என்றார். "ஆரோ பக்கத்திலை நிண்டு சொல்லிக்குடுக்கிறாங்கள்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை அதே இலக்கம் அடித்தது. அம்மா ஓடிப்போய் எடுத்தார். தம்பியின் குரல் இல்லை. யாரோ ஒருவன், மிகுந்த மரியாதையோடு, நம்மூர்த் தமிழில் கேட்டான்.

"ஐயா நிக்கிறாரோ?"

"என்ரை பிள்ளை சாப்பிட்டவனோ?" என்றார் அம்மா.

"போனை ஐயாட்டைக் குடுங்கோ. காசு விசயம் கதைக்கோணும்."