தீவுக்காரி அன்னமேரி

அறுபது வயதாகியும் அன்னமேரி கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் மீன்காரியாக வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இதற்காக யாரும் மூக்கில் விரல் வைக்க வேண்டாம். அந்தத் தீவில் வேலை பார்க்கும் ஒருவர்கூடக் கடலைப் பார்த்தவர் இல்லை.

தீவு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இடுக்கி மலையில் ஓர் அணைத் தண்ணீருக்கு நடுவே மூழ்காமல் தப்பித்த மேடு அது. காசுள்ள யாரோ அதைக் குத்தகைக்கு எடுத்து, 'கடலோரத் தீவுக் கிராமம்' என்று பலகை நட்டார். ஆறு ஓலைக் குடிசை போட்டார்கள். கீழே சமவெளியில் உள்ள பெருமாட்டியிலிருந்து பத்துத் தென்னைகளை வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்து ஊன்றினார்கள். அந்தக் குளிரில் தென்னை உயிரோடு நிற்பதே பெரிய விஷயம், காய்க்க வேறு செய்யுமா? அதனால் இளநீர்க் குலைகளைக் கம்பி போட்டு மேலே கட்டிவிட்டார்கள். கரையில் கொட்டிய வெள்ளை மணல் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீருக்குள் போனது, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புது மணல் வந்தது. புதருக்குள் ஒளித்துவைத்த ஸ்பீக்கரில் காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை அலை அடிக்கும். கரண்ட் போனால் கடலும் நின்றுவிடும்.

அன்னமேரி பிறந்ததும் வளர்ந்ததும் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். பதினெட்டு வயதில் பெயர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனாள். மருந்தடிக்கிற வேலையில் இருந்த புருஷன் சூசையப்பன் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். மகள் டின்சியைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாள். அங்கே ஒரே அறையில் ஐந்து பேர், ஆறாவதாக ஒரு பாய் விரிக்க இடமில்லை. ஐம்பத்தெட்டு முடிந்த அன்று எஸ்டேட்டில் சால்வை போர்த்தி, லட்டு கொடுத்து, கைதட்டி, லயத்து வீட்டை எப்போது காலி செய்கிறாய் என்று அன்பாக விசாரித்தார்கள். வேலை இருக்கிறவருக்குத்தான் லயம்.

அப்போதுதான் ஜின்சன் வந்தான். கணக்கப்பிள்ளையின் மகன், தீவுக்கு மேனேஜர்.

"அன்னமேரிக்கா, அங்க ஒரு குடிசை சும்மா கெடக்கு. நீங்க மீன்காரியா இருக்கணும், அவ்வளவுதான். தங்குறதும் அங்கயே தங்கிக்கலாம்."

"எனக்கு மீனைத் திங்கத்தான தெரியும் தம்பி?"

"வர்றவுங்களுக்கு அதுவும் தெரியாதுக்கா."

வேலை போனால் குடிசையும் போகும் என்றான். அன்னமேரிக்கு அந்த நிபந்தனை புதிதா என்ன? தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவளுடைய கூரை எல்லாம் அப்படிப்பட்ட கூரைதான்.

முதல் நாளே ஒரு தப்புச் செய்தாள். மீன்கூடையைக் கையில் கொடுத்ததும், நாற்பது வருடப் பழக்கத்தில் அதில் கயிற்றைக் கட்டி நெற்றியில் மாட்டி, கொழுந்துக்கூடை மாதிரி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தாள். மீன் தண்ணீர் முதுகில் வழிந்து புடவையெல்லாம் நாறியது. ஜின்சன் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வருவதற்குள் விருந்தாளிகள் சூழ்ந்துவிட்டார்கள். ஆதிகாலத்து மீனவர்கள் இப்படித்தான் சுமந்தார்களாம். ஒருவர் வீடியோ போட்டார், ஊரே பார்த்தது. ஒரு கல்லூரி ஆசிரியர் நோட்டில் படம் வரைந்துகொண்டு போனார். மறுநாளிலிருந்து தீவுப் பெண்கள் அனைவரும் அப்படித்தான் சுமக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவர்களும் எஸ்டேட்காரிகள்தான் என்பதால் யாருக்கும் பழக்க வேண்டியிருக்கவில்லை.

அணையில் கிடைப்பது சிலேபி மீன் மட்டும். கடலோரம் என்றால் கருவாடு தொங்க வேண்டாமா? அதற்காகச் சனிக்கிழமைதோறும் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து பனியம்மாள் என்ற கருவாட்டுக்காரி மூட்டையோடு பஸ் ஏறி வருவாள். எஸ்டேட் கடைத்தெருவில் விற்றது போக மிச்சத்தைத் தீவில் கொடுத்துவிட்டு, அன்னமேரியின் குடிசையில் பால் விடாத கட்டன்சாயா ஒன்று குடித்துவிட்டுப் போவாள். ஒரு சனிக்கிழமை கிளாஸைக் கையில் வாங்கியவள் குடிக்கவில்லை.

"வீட்டக் கடல் எடுத்துட்டு யக்கா. பள்ளிக்கூடத்து வராந்தாவுலதான் படுத்துக் கெடக்கோம்."

அன்னமேரிக்கு மனசு தாங்கவில்லை. "ஜின்சன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்" என்று சொல்லிவிட்டாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அசல் மீன்காரி என்றதும் ஜின்சனின் முகம் பளபளத்தது. ஆனால் காலிக் குடிசை இல்லை. சிறிது யோசித்து, "நாளைக்கு ரெண்டு பேரும் வேலை செய்ங்க. விருந்தாளிக யாருக்கு மார்க் கூடப் போடுறாங்களோ, அவுங்களுக்குக் குடிசை" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனியம்மாள் தண்ணீரைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், காத்து சரியில்லை, வள்ளம் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். படகுச் சவாரிக்கென்றே வந்தவர்களின் முகம் தொங்கியது. மீனை அரை நிமிடத்தில் அறுத்து எறிந்தாள். போட்டோ எடுக்க நேரமில்லை, இன்னொரு முறை அறுத்துக் காட்ட முடியுமா என்று ஒருவர் கேட்டதற்கு, "அறுத்த மீன எப்பிடிய்யா மறுபடி அறுக்க?" என்றாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கையை வீசி விறுவிறுவென்று போனாள். சும்மா விளையாட்டுக்குப் பேரம் பேசிய ஓர் அம்மாவை, வாங்க வக்கில்லாவிட்டால் வழியை விடு என்று விரட்டினாள்.

அன்னமேரி குளிருக்குப் புடவைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நெற்றியில் கயிறும் முதுகில் கூடையுமாக மெல்ல நடந்தாள். கடல்பாட்டுக் கேட்டவர்களுக்கு மாதா கோயில் பாட்டு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். இரண்டு பேர் அழுதார்கள்.

மார்க் வந்தது. அன்னமேரிக்கு ஐந்துக்கு ஐந்து. பனியம்மாளுக்கு ஒன்றரை. 'இவர் மீனவர் போலவே இல்லை, எங்கிருந்தோ கூட்டி வந்து நடிக்க வைத்திருக்கிறார்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

பனியம்மாள் காலி மூட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். அன்னமேரி பக்கத்தில் போய் நின்றாள். வீடு நிலைத்த சந்தோஷம் நெஞ்சு முட்ட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

"பனியம்மா, நீ தோத்துப் போகணும்னு காலையிலருந்து அந்தோணியாருகிட்ட வேண்டிக்கிட்டு இருந்தேன்."

"நானும் அவருகிட்டதான் யக்கா. நீ வழுக்கி விழணும்னு."

இருவரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியது பனியம்மாள்.

"எங்கூடவே இருந்துக்கோன்னு சொல்லக்கூட எனக்கு வீடு இல்ல தாயி. இதுவும் அவுங்களுது" என்றாள் அன்னமேரி.

"தெரியும் யக்கா. நீ உள்ள போ, பனி எறங்குது."

ஐந்து மணிப் படகில் விருந்தாளிகளோடு பனியம்மாளும் ஏறினாள். கருவாட்டு வாடைக்கு ஓர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். படகு திரும்பும்போது கரையில் நின்று கையசைப்பது தீவுப் பெண்களின் கடைசி வேலை. மற்றவர்கள் அசைத்தார்கள். அன்னமேரிக்குக் கை எழவில்லை. பனியம்மாள் அவளையே பார்த்தபடி போய்க்கொண்டிருந்தாள்.

"அன்னமேரிக்கா, கை!" என்று ஜின்சன் பின்னாலிருந்து கத்தினான்.

அன்னமேரி கையை உயர்த்தி அசைத்தாள். படகிலிருந்தவர்கள் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.