அடுப்பில்லாமல் பிடித்த உருண்டைகள்

மகள் எட்டாவது படிக்கும்போது பள்ளியின் த்ரோபால் அணியில் சேர்ந்தாள். தொண்ணூறுகளின் கடைசி அது. பிள்ளைகள் பயிற்சியின் நடுவிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள், வீட்டிலிருந்து சத்தாக ஏதாவது கொடுத்தனுப்புங்கள் என்று பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார். மனைவி நர்ஸ்; விடிவதற்குள் டூட்டிக்குக் கிளம்பிவிடுவாள். எனக்குப் பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் செகண்ட் ஷிஃப்ட். ஆகவே காலையில் சமையலறை என் பொறுப்பு. நானோ பால் காய்ச்சினாலே பொங்க விடுகிறவன்.

அதனால் அடுப்பே வேண்டாத ஒன்றைக் கண்டுபிடித்தேன். கடையில் வறுத்தே விற்கும் வேர்க்கடலையை வாங்கி, தேய்த்துத் தோலை ஊதிவிட்டு, பொட்டுக்கடலையோடு மிக்ஸியில் கொரகொரப்பாக அடிப்பேன். கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்தைப் போட்டு இன்னொரு சுற்று. கொஞ்சம் ஏலக்காய். உருண்டை பிடிக்க வராவிட்டால் ஒரு ஸ்பூன் தேன். மகள் முதல் நாளே டப்பாவைக் காலியாகக் கொண்டுவந்தாள். "எல்லாரும் கேக்கறாங்கப்பா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை வேறொரு பள்ளியோடு மேட்ச். ஷிஃப்டுக்கு நேரம் இருந்ததால் பெரிய டப்பா நிறைய உருண்டை பிடித்துக்கொண்டு நானே மைதானத்துக்குப் போனேன். இடைவேளையில் ஒவ்வொருத்தியாக வந்து எடுத்துக்கொண்டார்கள். அணியில் புதிதாகச் சேர்ந்த ஒரு கன்னடப் பெண் மட்டும் தள்ளி நின்றாள்.

"எடுத்துக்கோம்மா."

"வேண்டாம் அங்கிள்."

கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். நம் வீடுகளில் முதல் 'வேண்டாம்' கணக்கில் வராதே. "அங்கிள் கையால செஞ்சதும்மா, ஒண்ணே ஒண்ணு" என்று அவள் உள்ளங்கையில் வைத்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டுக்கொண்டாள்.

விசில் ஊதுவதற்குள் அவள் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தாள். உதடு தடித்தது. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. மூச்சு விசிலடிப்பது போல வந்தது. நானும் டீச்சரும் அவளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு பக்கத்து நர்ஸிங் ஹோமுக்கு ஓடினோம். வழி முழுக்க அவள் என் சட்டையைப் பிடித்திருந்தாள். கொடுத்தவனையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. வேர்க்கடலை அலர்ஜியாக இருக்கும் என்றார் டாக்டர். அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவள் அம்மா கார்மென்ட்ஸ் வேலையிலிருந்து பாதியில் ஓடி வந்தார். நான் எழுந்து நின்றேன். திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். என் கன்னடம் அன்றைக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது. "நான்தாங்க கொடுத்தேன். வேண்டாம்னு சொன்னா. கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்" என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவர் மகளின் நெற்றியைத் தடவியபடியே கன்னடத்தில் சொன்னார்: "விடுங்க சார். சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் வேர்க்கடலையும் கலந்து கொடுப்போமில்ல, அதைத் தின்னா வருஷா வருஷம் இவளுக்கு உதடு தடிக்கும். பனிக்காத்துன்னு நினைச்சேன். பெத்தவ எனக்கே தெரியலையே." அதற்குப் பிறகு அவர் அழுதார். என் குற்றத்தில் பாதியை அவர் தூக்கிக்கொண்டது எனக்கு ஆறுதலாக இல்லை, கூடுதல் பாரமாகத்தான் இருந்தது.

வீட்டில் மகள் கேட்டது ஒன்றுதான்: "அவ வேண்டாம்னு சொன்னாளே, உங்களுக்குக் கேக்கலையாப்பா?"

கேட்டது என்றேன்.

மனைவி மட்டும், "இப்பவாவது தெரிஞ்சுதே, இனி ஜாக்கிரதையா இருப்பாங்க" என்றாள். நர்ஸுக்கு அது சரியான பேச்சு. எனக்கு அந்தப் பிடிப்புதான் சட்டையை விட்டுப் போகவில்லை. அந்தப் பெண் அடுத்த வாரமே விளையாட வந்தாள். நான் பள்ளிக்கூடப் பக்கம் போவதையே தவிர்த்தேன்.

இப்போதும் விருந்தாளி வந்தால் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைப்பேன், அவ்வளவுதான். இன்னொன்று வைத்துக்கொள் என்று வாய் வராது. வேலூரிலிருந்து வரும் உறவுக்காரர்கள், பெங்களூர் போய்ச் சாப்பிடச் சொல்லக்கூட மறந்துவிட்டான் என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி. பேசட்டும்.