வண்டியில் ஏறாமல் வடகவுஞ்சி

எங்கள் மலையில் சைக்கிள் என்றால் கொடைக்கானல் ஏரியைச் சுற்றிவர டூரிஸ்டுகள் வாடகைக்கு எடுப்பது. ஊர்க்காரன் எவனும் தொட மாட்டான். மேட்டில் ஒருத்தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால், பாவம், பஸ்ஸுக்குக் கூடக் காசில்லை போலிருக்கிறது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நினைத்துவிட்டுச் சும்மா போகவும் மாட்டார்கள், வண்டியை நிறுத்தி ஏறச் சொல்வார்கள். அந்த நல்ல மனசுதான் எனக்கு வந்த சோதனை.

நான் பெருமாள்மலையில் முப்பத்தைந்து வருஷம் கயிறு, தார்ப்பாய், பிளாஸ்டிக் பைப், மண்வெட்டி விற்றவன். கடையில் நான் சத்தம் போடாத நாள் கிடையாது. “பாய் கத்துனா மணி எட்டாச்சு”ன்னு பஸ் ஸ்டாப்பில் சொல்வார்களாம். இப்போது கடையை மருமகன் பார்த்துக்கொள்கிறான். அவன் கத்துவதில்லை. வியாபாரம் முன்னைவிட நன்றாகவே நடக்கிறது, அதிலும் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு.

சைக்கிள் வந்தது என் பெண்டாட்டியால். அவள் ஜாக்கெட் தைக்கிறவள். ஒருநாள் பிரான்ஸ் தேசத்துக் கணவனும் மனைவியும் என் கடைக்குக் கயிறு வாங்க வந்தார்கள். சைக்கிளில் மலையெல்லாம் சுற்றுகிறவர்கள். அந்த அம்மாவின் மழைக்கோட்டில் ஜிப் பிய்ந்து போயிருந்தது. மேலே வீட்டுக்குக் கூட்டிப் போனேன். இவள் ஜிப் மாற்றித் தந்து, பிரியாணியும் போட்டு, சாயங்காலம் வரை பிடித்து வைத்துக்கொண்டாள். அந்த அம்மாவின் கணவர் போனில் படம் காட்டினார். அவர்கள் ஊரில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ரோடு, தள்ளிப் போனால் ஆறு அகன்று அகன்று கடலோடு சேர்கிற இடம். அங்கே எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருவீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, எதுக்குப் போய்ச் சேரணும், சும்மா மிதிப்போம் என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எனக்கு அப்படித்தான் புரிந்தது. ஊருக்குத் திரும்பும்போது இரண்டு சைக்கிளையும் விமானத்தில் ஏற்றுவது தலைவலி என்று ஒன்றை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

“வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்” என்று இவள் இன்றைக்கும் சொல்வாள். ஏனென்றால் நான் மிதிக்க ஆரம்பித்துவிட்டேன். மூன்று வருஷம், மழை இல்லாத காலையெல்லாம் மிதித்தேன். சைக்கிளில் இருக்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. இது எப்படி என்று எனக்கே விளங்கவில்லை. சக்கரம் உருளுகிற சத்தம், மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்குள் ஏதோ குருவி, யார் வீட்டிலோ பூண்டு வதங்குகிற வாசனை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் நான் நல்ல மனுஷன். எனக்கு அந்த மனுஷனைப் பிடித்திருந்தது.

போன வருஷம் நெஞ்சு வலித்தது. மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து டாக்டர், மெதுவா சைக்கிள் ஓட்டலாம், நல்லதுதான் என்றார். இவள் டாக்டரை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை வத்தலக்குண்டில் இருக்கிற தன் தம்பி மகனுக்குக் கொடுப்பதாகப் போனில் சொல்லிவிட்டாள். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவளே தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

“சரி, ஒரே ஒரு தரம். இங்கேருந்து வடகவுஞ்சிக்குப் போயிட்டுத் திரும்பி வாங்க. தள்ளிட்டு வந்தாலும் சரி, உக்காந்து உக்காந்து வந்தாலும் சரி. ஆனா வண்டியில ஏறி வந்தீங்கன்னா சைக்கிளு வத்தலக்குண்டுக்குப் போயிரும். அப்புறம் நான் அதப்பத்திப் பேச மாட்டேன், நீங்களும் பேசக் கூடாது.”

போகும்போது பெரும்பாலும் இறக்கம், வரும்போது ஏற்றம். அவள் கணக்குப் போட்டுத்தான் சொன்னாள்.

முதல் தடவை பாதி ஏற்றம் வரை நன்றாகவே வந்தேன். ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, கீழே பள்ளத்தில் மேகம் நகருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூண்டு மூட்டை ஏற்றிய வேன் ஒன்று நின்றது. டிரைவர் என் கடையில் தார்ப்பாய் வாங்குகிறவன்.

“யா அல்லா, பாய்க்கு என்னாச்சு!” என்றான் அவன். அவன் சாமி வேறே, என்னைக் கண்டதும் எங்கள் சாமியைக் கூப்பிட்டுவிட்டான்.

“ஒண்ணும் ஆகலடா. மேகம் பாக்குறேன்.”

“மேகம் பாக்குறீங்களா? மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்கு! பிடிங்கடா பாய!”

மூட்டைக்கு மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் குதித்து இறங்கி, ஒருத்தன் சைக்கிளையும் ஒருத்தன் என்னையும் தூக்கினான். நான் கத்தினேன். கத்தக் கத்த, வலி தாங்காமல் கத்துகிறேன் என்று நினைத்து வேனை இன்னும் வெரசா ஓட்டினான் பாவி. வீட்டு வாசலில் பூண்டு வாசனையோடு இறங்கினேன். இவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் அல்லா மேல் ஆணையாக நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு நியாயம் பார்க்கத் தெரியும், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

“தூக்கிட்டு வந்தது ஆட்டத்துல சேராது. இன்னொரு தரம் போங்க. அதுதான் கடைசி” என்றாள்.

ஆனால் அந்த இன்னொரு தரத்துக்கு அவள் ஏற்பாடு வேறு செய்திருந்தாள். பெருமாள்மலையிலிருந்து வடகவுஞ்சி வரை ரோட்டோரத்தில் இருக்கிற பொம்பளைகள் அத்தனை பேருக்கும் இவள்தான் ஜாக்கெட் தைக்கிறாள். எல்லோருடைய அளவும் ஒரு நோட்டில் இருக்கிறது, எல்லோருடைய போன் நம்பரும் அதே நோட்டில் இருக்கிறது. தீபாவளி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு இது தெரியாது.

அன்றைக்கு சுபுஹு தொழுதுவிட்டு வெள்ளனே கிளம்பினேன். முதல் வளைவில் பட்டர் ஃப்ரூட் விற்கிற அம்மா என்னைக் கண்டதும் போனை எடுத்துக் காதில் வைத்தாள். சரி, யாரோடோ பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். அடுத்து டீக்கடை. கடைக்காரம்மா ரோட்டின் நடுவிலேயே வந்து நின்றுவிட்டாள்.

“பாய், நில்லுங்க. சக்கர இல்லாம டீ போட்டிருக்கேன். குடிச்சிட்டு மூச்சு வாங்குதான்னு சொல்லிட்டுப் போங்க.”

“யாருக்குச் சொல்லணும்?”

“அக்காவுக்குத்தான். போன்ல இருக்காங்க.” போனை என் காதில் வைத்தே விட்டாள்.

“மூச்சு வாங்குதா?” என்றது போன்.

“நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? ஊரு பூராவும் ஆள் வச்சிருக்கியா?”

“ஆமா, வச்சிருக்கேன். மாத்திர போட்டீங்களா?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் டீயைக் குடிக்காமல் கிளம்பினேன். பின்னால் அந்தம்மா கெஞ்சினாள்: “பாய், கோவிச்சுக்காதீங்க! நான் சொல்லலன்னா என் ஜாக்கெட்ட தீபாவளிக்குத் தர மாட்டாங்களாம்!” பெரிய மிரட்டல்தான். சைக்கிளில் ஏறினால் கோபம் வராது என்று சொன்னேனே, அன்றைக்கு வந்தது.

வடகவுஞ்சியில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, டீக்கடைக்குக் கீழேயே ரோட்டை விட்டு விலகினேன். காபித் தோட்டத்துக்குள் ஒரு ஜீப் பாதை போகிறது. அது டீக்கடையைத் தாண்டி, மேலே ஒரு வளைவில் மறுபடி தார் ரோட்டில் ஏறும். எவள் கண்ணிலும் படாமல் போய் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், அதுதான் என் எண்ணம். அறுபத்தோரு வயசில் இந்தப் புத்தி.

பாதை அழகாகத்தான் இருந்தது. காபிச் செடியில் பழம் சிவந்திருந்தது. ஈரச் சருகின் மேல் சக்கரம் போகிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை. கோபம் இறங்கிவிட்டது. அவளுக்கு இதைக் காட்டவேண்டும் என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் பாதையின் நடுவே காட்டுமாடு நின்றது.

காட்டுமாட்டிடம் நம் சோலி எதுவும் நடக்காது. அது ஆயிரம் கிலோ இருக்கும். கிட்டே போகவும் கூடாது, ஓடவும் கூடாது. சைக்கிளை மெல்லச் சாய்த்துவிட்டு, ஒரு பலா மரத்தின் பின்னால் நின்றேன். அது என்னைப் பார்த்தது, புல்லைப் பார்த்தது, அங்கேயே நின்று மென்றது. போனை எடுத்தேன். டவர் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தனக்கு எப்போது தோன்றியதோ அப்போது அது பள்ளத்தில் இறங்கிப் போயிற்று.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தார் ரோட்டுக்கு ஏறினேன். வளைவில் ஒரு பொம்பளை கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. செருப்பு கையில் இருந்தது.

மூட்டு வலிக்காரி. பஸ் ஸ்டாப்புக்குக் கூட ஆட்டோவில் போகிறவள். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இறங்கி வந்திருந்தாள்.

“ஏய்” என்றேன்.

திரும்பினாள். செருப்பைத் தூக்கி என் மேல் எறிந்தாள். குறி தப்பி சைக்கிளில் பட்டது.

“எங்க போனீங்க? டீக்கடையில இன்னும் வரலங்கறா. வடகவுஞ்சியில அப்பவே போயிட்டாருங்கறாங்க. நடுவுல எங்க போனீங்க?”

“காட்டுமாடு…”

“செத்துட்டீங்கன்னு நெனச்சேன்” என்றாள்.

ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. என் ரோஷத்தை வைத்துக்கொண்டு எந்த நாயைக் குளிப்பாட்டப் போகிறேன் என்று இருந்தது. ஏன் நடந்து வந்தாய், ஒரு வண்டியைக் கையைக் காட்டி நிறுத்தியிருக்கலாமே என்றேன்.

“ரெண்டு வண்டி நின்னுச்சு. நான் ஏறல. வண்டியில ஏறிப் போனா, நீங்க ஓரமா பள்ளத்துல விழுந்து கெடந்தா எப்படித் தெரியும்? அதான் ஒவ்வொரு சொவரா எட்டிப் பாத்துக்கிட்டு வந்தேன்.”

அவள் முழங்கால் வீங்கியிருந்தது. ஏற முடியாது. அந்த நேரம் பார்த்து அதே பூண்டு வேன் வந்தது. இந்த முறை நானே கையைக் காட்டினேன். அவளை முன் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தேன். சைக்கிள் வத்தலக்குண்டுக்குப் போனால் போகட்டும், மனசறிந்துதான் முடிவு செய்தேன். பின்னால் போய் சைக்கிளைத் தூக்கி மூட்டை மேல் வைக்கப் போனேன்.

“என்ன பண்றீங்க?” என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“ஏத்துறேன். நானும் வர்றேன். விடு, தோத்துட்டேன்.”

“எறக்குங்க.” புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே கெடக்கு? மிதிங்க. நான் பின்னாடி வர்றேன்.”

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, பாய் மூஞ்சியப் பாருங்க, வேர்த்துக் கெடக்கு…”

“ஏலே, நீ மெதுவா ஓட்டு. ஹாரன் அடிச்சே, உன் பொண்டாட்டி தீபாவளிக்கு ஜாக்கெட் இல்லாமத்தான் நிப்பா.”

நான் ஏறினேன். பின்னால் வேன் முதல் கியரில் உறுமிக்கொண்டு வந்தது. முந்த முயன்ற ஒரு டூரிஸ்ட் கார்க்காரனை அவள் திட்டுவது கேட்டது. மூன்று தரம் மூச்சு வாங்க நின்றேன். மூன்று தரமும் வேன் நின்றது. கடைசித் தரம் திரும்பிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அளவு நாடாவைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அடங்குகிற வரைக்கும் பார்த்தாள்.

“ம், போங்க” என்றாள்.