பாறைமேல் அறுபத்தொரு பொத்தான்கள்

மன்னார்குடியில் இளையபெருமாளின் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் கடல்நீர், நீருக்குள் ஒரு பாறைத்துண்டு, பாறைமேல் சட்டைப் பொத்தான் அளவில், வட்ட வட்டமாகப் பவள உயிர்கள். விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அவருடைய மனைவி பொன்னுத்தாய் வளர்த்தவை. வாங்கியபோது ஒன்பது இருந்தன. அந்த அம்மாள் இறந்த தை மாதத்தில் அறுபத்தொன்று.

எரியூட்டிவிட்டு வந்த மறுநாள் காலையில், இளையபெருமாள் தொட்டியின் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எண்ணினார். கணக்குச் சரியாக இருந்தது. அழுகை வரவில்லை. பதினாறாம் நாளிலும் வரவில்லை. "கல்லு மாதிரி உக்காந்திருக்காரு" என்று உறவினர்கள் சமையலறையில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை என்றே அவருக்குத் தோன்றியது. ஒன்றே ஒன்றில்தான் அவர் உறுதியாக இருந்தார்: அறுபத்தொன்று குறையக் கூடாது.

அவர் முப்பத்துமூன்று ஆண்டுகள் தாலுகா சர்வேயராக இருந்தவர். அளக்காத எதையும் நம்பமாட்டார். நெற்பயிரின் பச்சையை ஒப்பிட்டு உரமிடுவதற்கென்று வேளாண்மை அலுவலகத்தில் தரும் இலை வண்ண அட்டையைத்தான் பொன்னுத்தாய் பவளத்துக்கும் வைத்திருந்தார். ஒவ்வொரு பொத்தானின் நடுவிலும் ஐந்தாம் கட்டத்துப் பச்சை இருந்தது.

"இதுக்குள்ள குடியிருக்கிற பாசியோட நிறம் பழுப்புங்க. பச்சை மட்டுந்தான் இது தானா உண்டாக்கிக்கிறது. சுகமா இருந்தாத்தான் அந்தப் பச்சை" என்று ஒருமுறை சொல்லியிருந்தார்.

பங்குனி வெயிலில் தொட்டி நீர் வாரந்தோறும் ஒரு விரற்கடை வற்றியது. இளையபெருமாள் உப்பைக் கரைத்து, கண்ணருகே வைத்துப் பார்க்கும் உப்புமானிக் குழலில் ஒரு சொட்டு விட்டு, கடல்நீருக்குரிய முப்பத்தைந்து காட்டிய பிறகே ஊற்றினார். மனைவி வாளியில் ஊற்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறார். வாளியில் என்ன நீர் என்று கேட்டதில்லை.

சித்திரைக் கடைசியில் பொத்தான்கள் மூடிக்கொள்ளத் தொடங்கின. முத்துப்பேட்டையில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் கலந்தரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"கலந்தர், அட்டையில மூணுக்கு எறங்கிடுச்சு."

"மூணுன்னா யூரியா போட வேண்டியதுதான் சார். டீச்சரம்மாகிட்ட இதச் சொல்லித்தான் திட்டு வாங்குவேன்." சிரித்துவிட்டுக் குரலை மாற்றிக்கொண்டார். "தண்ணியச் சோதிச்சீங்களா?"

"ஊத்துற ஒவ்வொரு வாளியும் சோதிக்கிறேன். முப்பத்தஞ்சு."

"அப்ப சூடாத்தான் இருக்கும். மேல ஒரு ஃபேன் போட்டு விடுங்க."

விசிறி வந்தது. நீர் குளிர்ந்தது, இரண்டு விரற்கடையாக வற்றவும் செய்தது. அவர் இரண்டு வாளி ஊற்றினார். பொத்தான்கள் ஐம்பத்திரண்டாயின, பிறகு நாற்பது. எஞ்சியவை வெளுத்தன. அட்டையில் வெள்ளைக்குக் கட்டம் இல்லை.

வைகாசியில் பொன்னுத்தாயின் அக்காள் நீலாம்பாள் வந்தார். நிலச் சீர்திருத்தத்தில் கிடைத்த ஓர் ஏக்கரைக் கடலோரக் கிராமத்தில் வைத்திருப்பவர். இளையபெருமாள் உப்புநீரை ஊற்றுவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, உப்புத் தண்ணியில உப்பையே ஊத்துறீங்க?"

"கடல் உயிர்க்கா. கடல் தண்ணிதான் ஊத்தணும்."

"வத்துறது தண்ணிதானே? உப்பு எங்க போவும்? எங்க வயல்ல போச்சா?"

குரலில் குத்தல் இல்லை. மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டார். இளையபெருமாள் முதன்முறையாகத் தொட்டி நீரில் ஒரு சொட்டெடுத்துக் குழலில் பார்த்தார். நாற்பத்தேழு.

தொண்ணூற்று நான்கில் அந்த ஏக்கருக்கு அடுத்த நிலத்தை இறால் பண்ணைக்காக அளந்தவர் அவரே. பெண்கள் மண்வெட்டும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து மறித்தார்கள். அவர்களில் நீலாம்பாளும் ஒருவர். இளையபெருமாள் போலீசாருக்குப் பின்னால் நின்று சங்கிலி பிடித்து, கல் நட்டு, "எல்லை சரி" என்று எழுதிக் கொடுத்தார். ஓர் அங்குலமும் பிசகவில்லை. பண்ணைக் குளத்து உப்புநீர் கசிந்தது, வற்றியது, மறுபடியும் கசிந்தது. மூன்றாம் ஆண்டில் நீலாம்பாளின் வயலில் உப்புப் பூத்து, நாற்றுக் கருகியது. எல்லை மட்டும் சரியாகவே இருந்தது. அதன்பின் ஊருக்குப் போகும்போது பொன்னுத்தாய் அவரை உடன் அழைத்ததில்லை. ஏன் என்று அவரும் கேட்டதில்லை.

"நல்ல தண்ணி மட்டும் ஊத்தணும் சார். டீச்சரம்மா அப்படித்தானே செஞ்சாங்க? உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார் கலந்தர் தொலைபேசியில். "ஒரே நாள்ல எறக்கிடாதீங்க. இருக்கிறதும் போயிரும்."

நாளொன்றுக்கு ஒரு புள்ளி. தொட்டி நீரில் கொஞ்சம் எடுத்து, அதே அளவு நன்னீர் விட்டார். பன்னிரண்டாம் நாள் முப்பத்தைந்து காட்டியது. பதினேழு பொத்தான்கள் பிழைத்துக்கொண்டன. ஆனியில் அவை மெல்ல விரிந்தபோது நிறம் பழுப்பாக இருந்தது. குடியிருந்த பாசி திரும்பிவிட்டது, பச்சை வரவில்லை. அட்டையை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தார். நோட்டில் "பதினேழு. பழுப்பு" என்று எழுதினார். அப்போதாவது அழுகை வருமென்று சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். வரவில்லை.

ஆடியில் நீலாம்பாள் மறுபடியும் வந்தார்.

"பொழச்சுதா தம்பி?"

"பதினேழு."

"பதினேழு இருக்குல்ல. போவுது விடுங்க."

தங்கையின் படத்துக்குப் பூ வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்தார்.

"அக்கா, உங்க வயல்ல உப்பு எவ்வளவுன்னு யாராவது பாத்தாங்களா?"

"யாரு பாப்பா? தரிசுன்னு எழுதிட்டுப் போனாங்க. அவ்வளவுதான்."

இளையபெருமாள் தொட்டி நீரின் மட்டத்தைப் பார்த்தார். அன்றைக்கு வற்றிய அளவுக்கு நன்னீர் ஊற்றினார். உப்புமானிக் குழலைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனதில் இருப்பது வருத்தமா வெட்கமா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவும் இல்லாதது போலவும் இருந்தது.

"நானும் வர்றேன்க்கா" என்று செருப்பை மாட்டினார்.

நீலாம்பாள், அவர் கதவைப் பூட்டும்வரை வாசலில் நின்றார்.